பயன்பாட்டு அறிக்கை

பணி ஆணையில் ஒரே வரி:
குறிப்புதவி மற்றும் மின்வளங்கள்.
அந்த ‘மற்றும்’ நான்தான்.

காலை முழுக்க கவுண்டர்.
திங்கள்சந்தை பஸ்ஸில் வந்து
மார்த்தாண்டம் மேம்பாலத்தடியில் இறங்கி நடந்து
குடையை மடக்குமுன்னே தொடங்கிவிடும்:
சார்ஜர் உண்டா மேடம்?
போன செமஸ்டர் கொஸ்டின் பேப்பர்?
நெட் ஏன் இழுக்குது?
(உண்டு. இரண்டாம் அலமாரி. மழை.)

ஒருநாள் குளச்சலில் இருந்து வரும் அஜின்
மீனைப் பற்றி ஒரு புத்தகம் என்றான்.
எந்த மீன்? ஏதாவது மீன்.
பாடத்துக்கா? இல்லை, அப்பாவுக்கு.
அப்பா வாசிப்பாரா?
சிரித்துவிட்டான்.
வேண்டியிருந்தது, வள்ளத்து எஞ்சினுக்கு
மண்ணெண்ணெய் மானியம் தரும் அரசாணையின் நகல்.
இரண்டு பக்கம். அதில் மீனே இல்லை.
அச்செடுத்துக் கொடுத்தேன்.

மதியத்துக்குமேல் யாரும் வருவதில்லை.
வருகிறவர்கள் எண்களாக வருகிறார்கள்.

நவம்பரில் கமிட்டி கேட்டது:
எந்த இதழை நிறுத்தலாம்?
பட்டியலில் முதலில் நின்றது
முடிச்சுகளின் கணிதம் பற்றி ஓர் இதழ்.
சந்தாவை வாசிப்பால் வகுத்தால்
கட்டுரை ஒன்றுக்கு ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம்.
கணிதத் துறை ஜெபசிங் சார் கையை விரித்தார்:
எங்க ஆட்கள் யாரும் இதைத் தொடுறதில்ல, கேட்டீங்களா.

தொட்டது ஒரே ஒரு கணக்கு.
எல்லாம் அதிகாலை, மூன்று நாற்பதை ஒட்டி.
ஒன்றுவிட்டு ஒருநாள்.
ஜூனில் அநேகமாக இல்லை.
அக்டோபரில் ஒன்பது நாள் தொடர்ந்து இல்லை;
அந்த ஒன்பது நாளும் என் குடை காயவில்லை.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒருநாள் வெட்டி ஒருநாள் விட்டு,
மழையென்றால் இழுத்துப் போர்த்திக்கொள்ளும் வேலை
இந்தப் பக்கத்தில் ஒன்றுதான்.
குலசேகரத்துக்கு அப்பால் எங்கோ
நெற்றியில் விளக்கு கட்டி
மரம் மரமாய்ப் பட்டை சீவிவிட்டு,
பால் சிரட்டையில் இறங்கும் இடைவெளியில்
கொசுவை அடித்துக்கொண்டு ஒருவர்
எந்த முடிச்சை அவிழ்க்கவே முடியாதென்று
வாசிக்கிறார்.

பெயர் அடுத்த பத்தியில்தான். ஒரு சொடுக்கு தூரம்.
ஆணா, பெண்ணா, எந்த வகுப்பு.
சொடுக்கவில்லை.
யார் எதை வாசித்தார் என்பது
என் மேஜைவரை வரலாம், என் வாய்வரை வரக்கூடாது.
(ஆனாலும் மறுநாள் கவுண்டரில் நீண்ட கைகளில்
நகக்கண்ணில் ஒட்டுப்பால் உண்டா என்று
பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.)

இன்னொன்று கண்ணில் பட்டது.
இருபது நிமிடம் தொடாமல் விட்டால்
நம் சர்வர் ஆளை வெளியே தள்ளிவிடும்.
ஓர் இரவில் நான்கு முறை, ஐந்து முறை
கடவுச்சொல்லைத் தட்டியிருக்கிறது
பால் காய்ந்த விரல்.
பிழை. மறுபடி பிழை. பிறகு சரி.

அமைப்புகளுக்குள் போய்
இருபதை நூற்றெண்பது ஆக்கினேன்.
யாரிடமும் கேட்கவில்லை.
சாயா குடிக்கப் போனேன்.

மார்ச் வரை பார்ப்போம் என்றது கமிட்டி.
மார்ச்சிலா?
மரமெல்லாம் இலை கொட்டி
வெட்டு நிற்கும் காலம் அது.
அறிக்கையில் வெறும் பூஜ்யம் வரும்.
அதற்கு ஓர் அடிக்குறிப்பு வேண்டும்,
அதில் மரம் என்ற சொல் வரலாமா என்று
இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றைய பதிவு:
3.38, நுழைவு.
6.05, வெளியேறல்.
நடுவில் ஒன்றுமில்லை.